ஒட்டிய தகடு அசையாமல் இறுக: சோதனைத் துண்டுகளுக்கு ஒரு ஃபிக்சர் செய்வது எப்படி

ஒவ்வொரு வருடமும் மாசி, பங்குனி வாக்கில் மதுரைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் யாராவது இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். பைக்குள் அலுமினியத் துண்டுகள் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியவை, இழுத்துப் பார்த்து உடைந்தவை. "அண்ணே, ஒரே பசை, ஒரே நாள்ல ஒட்டினது, ஒண்ணு நல்லா தாங்குது, இன்னொண்ணு பாதியிலேயே போயிடுது, பசை சரியில்லையா?" என்பார்கள். நான் பசையைப் பற்றிக் கேட்பதே இல்லை. எதால் பிடித்து வைத்தீர்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் பேப்பர் கிளிப், ஜி-கிளாம்ப், இல்லையென்றால் மேலே வைத்த நாலு புத்தகம்.

பசையின் பலத்தை அளக்கும்போது நாம் அளக்க வேண்டியது பசையை மட்டும்தான். ஒட்டியவரின் கை பலமும் அதில் சேர்ந்து கொண்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பசைப் படலம் எவ்வளவு கனம், இரண்டு தகடும் எவ்வளவு தூரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன, நேராக இருக்கின்றனவா, இந்த மூன்றையும் கை தீர்மானிக்கக் கூடாது, ஃபிக்சர், அதாவது துண்டுகளை அதனதன் இடத்தில் அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்பு, தீர்மானிக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அதற்காகத்தான். மில்லிங் மெஷின் பக்கமே போகாதவர்களும் செய்யக்கூடிய ஒரு எளிய வழியையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் துண்டின் அளவு

ஒட்டுப் பலத்தைப் பார்க்கப் பொதுவாகச் செய்வது ஒற்றை மேற்பொருந்து இணைப்பு, கடைகளில் லேப் ஜாயின்ட் என்பார்கள். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4587-ன்படி ஒவ்வொரு தகடும் 100 மில்லி நீளம், 25 மில்லி அகலம், 1.6 மில்லி கனம். இரண்டும் 12.5 மில்லி மட்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி1002-ம் கிட்டத்தட்ட இதே வடிவம்தான், அங்குலக் கணக்கில் வருவதால் 25.4, 12.7 என்று இருக்கும். எதை எடுத்தாலும் ஒன்றையே எடுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஐஎஸ்ஓ கணக்கில் ஒட்டும் பரப்பு 25 × 12.5, அதாவது 312.5 சதுர மில்லி. பசை 15 மெகாபாஸ்கல் தாங்கினால் துண்டு உடையும்போது இழுவிசை ஏறக்குறைய 4.7 கிலோநியூட்டன், ஐந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தீப்பெட்டியை விடச் சின்னப் பரப்பு இவ்வளவு தாங்குகிறது என்பதால், அதில் அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் விடை மாறும். அரை மில்லி என்பது 12.5-ல் நூற்றுக்கு நாலு பங்கு.

ஒட்டிய பிறகு மொத்த நீளம் 187.5 மில்லி வரும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், ஃபிக்சரே இதைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது.

அடிப்பலகை

ஐந்து துண்டுகளை ஒரே தடவையில் பிடிக்கும் அளவு வைத்துக் கொள்ளுங்கள், ஒரு நிலைக்குக் குறைந்தது ஐந்து துண்டாவது உடைத்துப் பார்க்க வேண்டும். 25 மில்லி அகலத்துக்கு ஐந்து இடம், நடுவில் 12 மில்லி இடைவெளி நாலு, கூட்டினால் 173. ஓரத்துக்கும் சேர்த்து 230-க்கு 220 என்று 12 மில்லி கன அலுமினியத் தகடு போதும். கப்பலூர், கோ.புதூர் தொழிற்பேட்டைகளில் ஏதாவது ஒரு பட்டறையில் கழித்த துண்டாகவே கிடைத்துவிடும். வாங்கும்போதே ஒரு நல்ல இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடியில் ஒளி கசிகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் பாருங்கள். கசிந்தால் மேல்பக்கத்தை ஒரு முறை மில்லிங் ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

ஏன் அலுமினியம், இரும்பு ஏன் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். அறை வெப்பத்திலேயே இறுகும் பசை என்றால் எதுவும் பரவாயில்லை. ஆனால் சூடாக்கி இறுகவைக்கும் பசை என்றால் கணக்கு வேறு. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், இரும்பு 12 மைக்ரான்தான் நீளும். இரும்பு ஃபிக்சரில் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, அலுமினியத் துண்டை அழுத்தமாக நிறுத்தி, அறை வெப்பத்திலிருந்து 50 டிகிரி ஏற்றினால், 187.5 மில்லி நீளத்தில் துண்டு தடுப்பை விட 0.1 மில்லி கூடுதலாக நீளப் பார்க்கும். அந்த நேரத்தில் பசை இன்னும் குழம்பாக இருக்கும். தகடு வழுக்கும், இல்லையென்றால் வில்லாக வளையும், வளைந்த நிலையிலேயே பசை இறுகிவிடும். வெளியே எடுத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஃபிக்சரும் துண்டும் ஒரே உலோகமாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரும்புத் துண்டுகளை அலுமினிய ஃபிக்சரில் வைத்தாலும் மோசமில்லை, அப்போது நீள்வது ஃபிக்சர், துண்டை யாரும் நெருக்குவதில்லை. அதனால்தான் இரண்டுக்கும் பொதுவாக அலுமினியம் என்கிறேன்.

பின்கள் எங்கே

இதுதான் ஃபிக்சரின் உயிர். ஒரு தகடு மேசைமேல் நகராமல் நிற்க, நீள விளிம்பில் இரண்டு இடத்திலும் முனையில் ஓர் இடத்திலும் தொட்டால் போதும். அதற்கு மேல் ஒரு பின் வைத்தாலும் அது உதவியாக இருக்காது, இடைஞ்சலாகத்தான் இருக்கும். நான் முதல் ஃபிக்சரில் தகட்டின் இரண்டு பக்கமும் பின் வரைந்து கொண்டுபோனேன், இறுக்கமாகப் பிடிக்கும் என்ற நினைப்பில். புதூரில் லேத் வைத்திருந்த பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "தம்பி, ரெண்டு பக்கமும் பின்னு அடிச்சா ஒரு தகடு ஏறும், அடுத்தது ஏறாது. ஒரு பக்கம் மட்டும் போடு, அதுல சாத்தி வை." அப்படியே செய்தேன், இன்றுவரை மாற்றவில்லை.

இடது முனையில் ஒரு தடுப்பு, வலது முனையில் ஒரு தடுப்பு, இரண்டுக்கும் நடுவே சரியாக 187.5 மில்லி. கீழ்த்தகடு இடது தடுப்பைத் தொடும், மேல்தகடு வலது தடுப்பைத் தொடும், ஏறியிருக்கும் பகுதி தானாக 12.5 ஆகிவிடும். அடுப்பில் வைப்பதானால், கீழே சொல்லப்போகும் எடைகளையும் ஏற்றி முடித்த பிறகு, வலது தடுப்பை அரை மில்லி பின்னால் தள்ளிவிடுகிற மாதிரி அதன் ஸ்குரூ ஓட்டையை நீளவாக்கில் அறுத்துக் கொள்ளுங்கள். நீள விளிம்புக்கு ஒவ்வொரு துண்டுக்கும் நாலு டவல் பின் (வழவழப்பான உருளை ஆணி), 4 மில்லி விட்டம். தடுப்பிலிருந்து 15 மில்லியில் ஒன்று, 65 மில்லியில் ஒன்று, அந்தப் பக்கமும் அதேபோல். நாலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். 65-க்கு மேல் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பின் கொண்டுபோக வேண்டாம். பசை பக்கவாட்டில் பிதுங்கி வரும், பின்னைத் தொட்டால் துண்டும் ஃபிக்சரும் ஒன்றாகிவிடும்.

தகடுகளின் நீளம் எல்லாம் சரியாக 100 இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஷியரில் (தகடு வெட்டும் கத்தரி மெஷினில்) வெட்டிய தகடு விளிம்பு வளைந்து பிசிரோடு வரும், நீளமும் ஆளுக்கொன்றாக இருக்கும். பத்துத் தகட்டையும் அடுக்கி வைஸில் கட்டி முனையை ஒன்றாக மில்லிங் ஓட்டி, அரத்தால் பிசிரை நீக்கி விடுங்கள். ஒரு சின்னப் பிசிர் 0.1 மில்லி உயரம் இருந்தாலும் பசைப் படலத்தில் பாதி அது.

படலத்தின் கனம்

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள், பையில் வரும் துண்டுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இங்கேதான்.

கிளாம்பை இறுக்க இறுக்க ஒட்டு பலமாகும் என்று நினைக்கிறோம், மரவேலையில் வந்த பழக்கம். இரண்டு குழம்பைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பசைக்கு அழுத்தம் தேவையே இல்லை என்று சொல்லலாம், இரண்டு பக்கமும் பசை தொட்டுக் கொண்டிருந்தால் போதும். ஜி-கிளாம்ப் போட்டு முறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்து உள்ளே வெறும் உலோகம்தான் மிஞ்சும். ஒரு துண்டுக்கு அரைச் சுற்று, அடுத்ததற்கு ஒரு சுற்று என்று முறுக்கினால் ஐந்து துண்டும் ஐந்து விதப் படலம்.

அதனால் கனத்தை ஒரு பொருளால் பூட்டிவிட வேண்டும். 0.2 மில்லி என்று வைத்துக் கொள்வோம். ஆய்வகங்களில் அந்த அளவுக் கண்ணாடி மணிகளைப் பசையில் எடைக்கு நூற்றுக்கு ஒரு பங்கு கலப்பார்கள். நமக்குக் கைக்கெட்டும் வழி மோட்டார் காயில் கட்டும் கடை. 36 கேஜ் எனாமல் செப்புக் கம்பி கேளுங்கள், செம்பு மட்டும் 0.19 மில்லி, எனாமல் சேர்ந்தால் 0.2-ஐக் கொஞ்சம் தாண்டும். மைக்ரோமீட்டரில் அளந்து உறுதி செய்யுங்கள். 12 மில்லி நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, கோணலில்லாமல் நீட்டி, ஒரு தடவை அசிட்டோனில் துடைத்து, ஒட்டும் பரப்பின் இரண்டு ஓரத்திலும் விளிம்பிலிருந்து 3 மில்லி தள்ளி இழுக்கும் திசையிலேயே பதியுங்கள். எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

கம்பி மட்டும் போதுமா என்றால் போதாது. மேல்தகடு ஒரு முனையில்தான் பசைமேல் இருக்கிறது, மற்ற முக்கால் பங்குக்கு மேல் அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்க அடியில் ஏதாவது கொடுக்காவிட்டால் வால் பக்கம் தாழ்ந்து, பசை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இறுகும். எனவே மேல்தகட்டுக்கு அடியில் ஒரு தாங்கு தகடு வேண்டும், உயரம் கீழ்த்தகட்டின் கனமும் பசையின் கனமும் சேர்ந்தது, 1.6 கூட்டல் 0.2, அதாவது 1.8. இதைப் புதிதாகச் செய்ய வேண்டாம். துண்டுகள் வெட்டிய அதே ஷீட்டில் மிச்சமானதை எடுத்து, அதன்மேல் 0.2 மில்லி பித்தளை ஷிம் (உயரம் கூட்ட வைக்கும் மெல்லிய தகடு) வையுங்கள், ஷீட் 1.58 இருந்தாலும் 1.62 இருந்தாலும் அது தானாகச் சரியாகிவிடும்.

தாங்கு தகட்டைக் கீழ்த்தகட்டின் முனைவரை நெருக்கி வைக்க வேண்டாம், 10 மில்லி விடுங்கள். அந்த 10 மில்லிக்கு நேர் கீழே அடிப்பலகையில் குறுக்காக ஒரு 3 மில்லி ஆழப் பள்ளம் ஓட்டினால் பிதுங்கும் பசை அதில் விழும்.

எடைக்கு 20 மில்லி சதுர இரும்புக் கம்பியை 100 மில்லி நீளத்துக்கு அறுத்துக் கொள்ளுங்கள், ஒன்று சுமார் 300 கிராம் வரும். இதை மேல்தகட்டின்மேல் நீளவாக்கில் படுக்க வைத்தால் ஒட்டும் இடத்தையும் தாங்கு தகட்டையும் ஒரே சமயத்தில் அழுத்தும், தகடு சாயவே முடியாது. கீழ்த்தகட்டுக்கு 70 மில்லியில் இன்னொன்று. ஐந்து துண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே கட்டை போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். ஐந்தில் எது கனமோ அது ஒன்றோ இரண்டோதான் கட்டையைத் தொடும், மற்றவை சும்மா கிடக்கும்.

ஒட்டாமல் இருக்க

ஃபிக்சரில் பசை படும் இடம் எல்லாவற்றிலும் சாதாரண பழுப்பு நிற பேக்கிங் டேப் ஒட்டுங்கள். அது பாலிப்ரொப்பிலீன், எபாக்சி அதில் பிடிக்காது. ஒரே சுருள் டேப்பை அடிப்பலகையில் கீழ்த்தகடு படும் இடத்திலும் தாங்கு தகட்டுக்கு அடியிலும் ஒரே அடுக்காக ஒட்டினால் உயரக் கணக்கு கெடாது. எடைக் கட்டைகளின் அடியிலும் ஒட்டுங்கள். மெழுகு பூசலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன், மெழுகு தொட்ட விரல் அடுத்து ஒட்டும் பரப்பைத் தொடும். சிலிக்கோன் ஸ்ப்ரேயை அந்த அறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். காற்றில் பறந்து எங்கே உட்காரும் என்று தெரியாது, உட்கார்ந்த இடத்தில் பசை பிடிக்காது.

இனி ஒட்டும் நாள்

பசை இல்லாமல் ஒரு தடவை முழுக்க அடுக்கிப் பாருங்கள். ஐந்தும் உட்கார்ந்ததா, எடை தடுக்காமல் படிகிறதா, கடிகாரம் வைத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

பரப்பை அசிட்டோனில் துடைத்து, உப்புத்தாளால் ஒரே சீராகச் சொரசொரப்பாக்கி, திரும்பவும் துடைத்து, ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டால் அது முத்தாக உருளாமல் படலமாகப் பரவ வேண்டும். உருண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். பிறகு நன்றாக உலர்த்திவிட்டு ஒட்டுங்கள், வெறுங்கை படக் கூடாது.

நம்மூர் வெயிலை மறக்க வேண்டாம். சித்திரைத் திருவிழா சமயத்தில் தகரக் கூரைப் பட்டறைக்குள் மத்தியானம் 40 டிகிரியைத் தொடும். பசை டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரிக்கானது. ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதனால் காலை ஆறரை, ஏழு மணிக்கு ஒட்டுவது நல்லது. கலக்கியதைக் கப்பில் குவித்து வைக்காமல் ஒரு தட்டில் பரப்பி வைத்தால் சொந்தச் சூட்டில் கொதித்துக் கெட்டியாகாது. எபாக்சி இறுகுவது துணி காய்வது மாதிரி இல்லை, உள்ளே வேதிவினை நடக்கிறது. மின்விசிறியைப் போட்டுவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அறை வெப்பத்தை மட்டும் ஒரு தெர்மாமீட்டரில் மணிக்கொருதரம் பார்த்துக் குறித்து வையுங்கள். மே மாதத்தில் ஒட்டிய துண்டையும் மார்கழியில் ஒட்டியதையும் ஒப்பிடும்போது அந்தக் குறிப்பு இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கீழ்த்தகடு, பசை, கம்பி, மேல்தகடு என்று வரிசையாக வைத்து, விரலால் மெதுவாக அழுத்துங்கள். முதலில் பசையின் வழுக்கல் தெரியும், பிறகு ஒரு இடத்தில் விரலுக்குக் கீழே கெட்டியாகத் தட்டும், அது கம்பி. அங்கே நிறுத்திவிட்டு எடையை வையுங்கள். வைத்த பிறகு தொட வேண்டாம். ஓரத்தில் பிதுங்கியதை இப்போது துடைத்தால் எல்லாத் துண்டிலும் துடையுங்கள், விட்டால் எல்லாவற்றிலும் விடுங்கள். முனையில் நிற்கும் அந்தச் சின்னப் பசைக் கரை, இழுக்கும்போது முனையில் குவியும் அழுத்தத்தைக் குறைத்து விடையைக் கூட்டிக் காட்டும்.

அடுப்பில் வைப்பவர்கள் நேரத்தை அடுப்பின் எண்ணைப் பார்த்து எண்ணாதீர்கள். அடுப்பு 80 காட்டும், கனமான ஃபிக்சருக்குள் துண்டு அப்போது 50-ல்தான் இருக்கலாம். ஓர் உதிரித் துண்டின் ஒட்டுக்குள் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) முனையை வைத்து, அது 80-ஐத் தொட்டதிலிருந்து எண்ணுங்கள். முடிந்ததும் ஃபிக்சரோடு ஆற விடுங்கள், சூட்டோடு எடுத்தால் பசை இன்னும் இளகி இருக்கும்.

எடுப்பது

ஒரு வருடம் ஒரு குழு எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஒட்டிக்கொண்ட துண்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தது. ஐந்தில் மூன்று பலவீனமாக உடைந்தன. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தபோது ஓரத்தில் தனி நிறத்தில் ஒரு பிறைத் தடம் இருந்தது, நெம்பியபோதே விரிசல் விட்டிருக்கிறது. ஆறு வாரம் செலவழித்த வேலை, அந்தப் பையன்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. லேப் ஜாயின்ட் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு உரிப்பைத் தாங்காது. இதற்கு மருந்து ஃபிக்சரிலேயே இருக்கிறது: ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் அடிப்பலகையில் 8 மில்லி ஓட்டை, தாங்கு தகட்டிலும் அதே இடத்தில் ஓட்டை. எடைகளை நீக்கிவிட்டு, கீழேயிருந்து தள்ள அந்த ஓட்டையில் விரல் போகாது என்பதால், இரண்டு மரக்குச்சி நிறுத்திய ஒரு கட்டையின்மேல், மேல்தகட்டுப் பக்கத்துக் குச்சி மட்டும் தாங்கு தகட்டின் உயரமான 1.8 மில்லி கூடுதலாக இருக்கும்படி வைத்து, ஃபிக்சரை இறக்கினால் துண்டு இரண்டு முனையிலும் சமமாக மேலே வரும்.

எடுத்ததும் மைக்ரோமீட்டரில் ஒட்டிய இடத்தின் மொத்தக் கனத்தை அளந்து, இரண்டு தகட்டின் கனத்தைக் கழித்துப் படலத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். நடுவில் ஒன்று, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. மூன்றும் 0.03 மில்லிக்குள் இருந்தால் ஃபிக்சர் சரியாக வேலை செய்கிறது.

மில்லிங் வசதி இல்லாதவர்களுக்கு

மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்குப் பேர்போன இடம், சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் எந்தக் கடையிலும் பாலிஷ் போட்ட மிச்சத் துண்டு கிடக்கும். ஒன்றரை அடிக்கு ஓரடி வாங்கி, ஸ்கேலை வைத்து மட்டம் பார்த்து, அதன்மேல் டேப் போர்த்திவிடுங்கள். பின்களுக்குப் பதில் நேரான பட்டை இரும்பை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி அதில் தகடுகளைச் சாத்தலாம். ஒட்டும் இடத்துக்கு நேரே மட்டும் பட்டையை விட்டுவிட்டு இரண்டு துண்டாக வையுங்கள். இரண்டு தடுப்புக்கும் இடைவெளியை வெர்னியரில் 187.5 வைத்து நிறுத்துங்கள். கம்பி, தாங்கு தகடு, எடை எல்லாம் அப்படியே. கல்லில் ஓட்டை போட முடியாது என்பதால், துண்டுகளை அடியில் போட்ட டேப்போடு சேர்த்துக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு டேப்பைத் துண்டிலிருந்து உரியுங்கள், துண்டை டேப்பிலிருந்து இழுக்க வேண்டாம். இது அடுப்புக்கு ஆகாது, அறை வெப்பத்தில் இறுகும் பசைக்கு மட்டும்.

ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் பழைய டேப்பை உரித்து, பள்ளத்தில் உறைந்த பசையைக் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்து, புது டேப் ஒட்டி, ஷிம்மை ஒரு கவரில் போட்டு ஃபிக்சரோடு கட்டி வையுங்கள். அடிப்பலகையின் ஓரத்தில் 187.5 என்றும், ஷிம் 0.2 என்றும், கம்பி 36 கேஜ் என்றும் எழுத்து அச்சால் அடித்துவிடுங்கள். மார்க்கரில் எழுதினால் அசிட்டோனில் அழிந்துவிடும்.